வெள்ளத்தில் நனைந்த டயானா 27: ஸ்பிரிங்கா, வாஷரா?

9 ஜனவரி 2024 – கேள்வி

எங்கள் வீடு திருநெல்வேலியில் குறுக்குத்துறைப் பக்கம். டிசம்பர் 17, 18 மழையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த தாத்தாவின் ஏர் ரைபிள் இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. டயானா, மாடல் 27 என்று போட்டிருக்கிறது. துடைத்து மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்தேன். குழலை மடக்கினால் மடங்குகிறது, விசையை இழுத்தால் 'டக்' என்று சத்தமும் வருகிறது. ஆனால் பெல்லட், அதாவது ரவை, பத்தடி தாண்டவில்லை. ஒரு தடவை குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது. ஸ்பிரிங் போயிருக்கும், பலமான ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். அந்தக் காசுக்குப் புதுசு வாங்கலாமே என்கிறார் இன்னொருவர். தாத்தா இப்போது இல்லை. என்ன செய்வது?

9 ஜனவரி 2024, இரவு

தம்பி, முதலில் ஒன்று. இனி ஒரு தடவைகூட அதை மடக்கிச் சுடாதீர்கள். அப்படியே வைத்துவிடுங்கள்.

ஸ்பிரிங் இல்லை, வாஷர். பிஸ்டன் தலையில் ஒரு தோல் வாஷர் இருக்கும், கிண்ணம் மாதிரி. அதுதான் காற்றைப் பிடிக்கிறது. தண்ணீரில் ஊறி வெயிலில் காய்ந்த தோல் என்ன ஆகும் என்று வாசலில் கிடக்கும் பழைய செருப்பைப் பார்த்தாலே தெரியும். சுருங்கி விறைத்துப் போயிருக்கும். காற்று அதன் ஓரமாக வழிந்து ஓடிவிடுகிறது. பெல்லட்டைத் தள்ளுவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

சுட வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான். வாஷர் நன்றாக இருக்கும்போது பிஸ்டன் சிலிண்டரின் முனையில் நேராகப் போய் மோதாது. கடைசி நொடியில் நசுங்கிய காற்றே அதற்கு மெத்தை. காற்று ஒழுகினால் மெத்தை கிடையாது, இரும்பு இரும்பில் இடிக்கும். நீங்கள் கேட்ட 'டக்' அந்தச் சத்தம்தான். நல்ல துப்பாக்கியின் சத்தம் இன்னும் மந்தமாக, 'தும்' என்று இருக்கும்.

பலமான ஸ்பிரிங் யோசனையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அதனால் நான் பட்டது ஒன்று உண்டு, பிறகு எழுதுகிறேன்.

10 ஜனவரி 2024

நேற்று அவசரத்தில் எழுதியது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பழுது பேச முடியாது, அதனால் கொஞ்சம் விரிவாக.

இது ஒரு பெரிய சைக்கிள் பம்பு, அவ்வளவுதான். பம்பில் கையால் தள்ளுகிறோம், இங்கே ஸ்பிரிங் தள்ளுகிறது. குழலை மடக்கும்போது ஒரு நெம்புகோல் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து ஸ்பிரிங்கை நசுக்குகிறது. கடைசியில் ஒரு பிடி விழுந்து பிஸ்டனை நிறுத்திவைக்கிறது. விசையை இழுத்தால் பிடி விடும், பிஸ்டன் பாயும், முன்னால் இருக்கும் காற்று ஒரு சிறு துவாரம் வழியாகக் குழலுக்குள் பாய்ந்து பெல்லட்டைத் தள்ளும். சுடுவதற்கு முன் உள்ளே காற்று அடைத்து வைத்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வகையில் அப்படி இல்லை. விசை இழுத்த பிறகுதான் காற்று நசுங்குகிறது.

காற்று ஒழுக இரண்டு இடம் உண்டு. ஒன்று பிஸ்டன் வாஷர். மற்றது குழலும் சிலிண்டரும் சேரும் வாயில் இருக்கும் சின்ன வளையம். பழைய டயானாவில் அதுவும் தோல்தான். குழலை மடக்கிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும், ஒரு மிளகு வடை ஓட்டை மாதிரி. அது வாயின் மட்டத்துக்கு மேலே ஒரு மயிரிழை தூக்கலாக நிற்க வேண்டும். பள்ளமாகக் கிடந்தால் அங்கேயும் ஒழுகும்.

இதைச் சோதிக்க ஒரு வழி. நனையாத துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன், தம்பிக்கு அல்ல. அந்த மூட்டின் மேல் மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றை வைத்துவிட்டு ஒரு பெல்லட் போட்டுச் சுடுங்கள். காகிதம் பறந்தால் வாய் வளையம் போய்விட்டது. பறக்காமலேயே வேகம் குறைந்திருந்தால் பிஸ்டன் வாஷர்.

பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்டுப் பார்க்கிற பழக்கத்தை வீட்டுப் பிள்ளைகளிடம் கண்டிப்பாக நிறுத்துங்கள். அப்போதும் மெத்தை இல்லை.

12 ஜனவரி 2024

வெயிலில் காயவைத்தது போகட்டும், இனி நிழல்தான். துப்பாக்கியின் மரக்கட்டை பீச் மரம். ஊறிய மரம் வேகமாகக் காய்ந்தால் கைப்பிடி கழுத்தில் வெடிக்கும். திருகாணிகளைக் கழற்றிக் கட்டையைத் தனியாக எடுத்து, காற்றோட்டமான அறையில் இரண்டு செங்கல் மேல் கிடத்தி ஒரு மாதம் விடுங்கள். கழற்றும்போது எந்தத் திருகாணி எந்த ஓட்டை என்று அட்டையில் படம் வரைந்து அதிலேயே குத்தி வையுங்கள்.

இரும்புக்கு மண்ணெண்ணெய். ஆற்று வண்டல் மாவு மாதிரி எல்லா இடுக்கிலும் போயிருக்கும். உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள். துருவோடு சேர்ந்து அந்தப் பழைய கருநீலமும் போய்விடும், அது திரும்ப வராது. மிக மெல்லிய இரும்புக் கம்பிப் பஞ்சை எண்ணெயில் தோய்த்து, தேய்ப்பதும் தெரியாத மாதிரித் தேய்க்க வேண்டும். குழலுக்குள் மீன்பிடி நைலான் கயிற்றில் துணி கட்டி இழுங்கள். இரும்புக் குச்சி விடாதீர்கள். உள்ளே வரிப்பள்ளங்கள் இருக்கின்றன, அவைதான் பெல்லட்டைச் சுழற்றி நேராக அனுப்புகின்றன.

16 ஜனவரி 2024

பொங்கல் விடுப்பில் தம்பி படம் அனுப்பியிருந்தார். சிலிண்டர் குழாயின் பின்பக்கம் இடது புறத்தில் சின்ன எண்கள் தெரிகின்றன: 03 64. அது மாதமும் வருடமும். 1964 மார்ச். தாத்தா அதைச் சின்ன வயதில் வாங்கினார் என்று வீட்டில் சொல்வது பொருந்துகிறது.

மேலே அச்சடித்த அந்தப் பெண்ணைக் கவனித்தீர்களா? வேட்டைத் தெய்வம் டயானா. வில்லையும் அம்பையும் கீழே எறிந்துவிட்டுத் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறாள். ஜெர்மனியில் ராஸ்டாட் ஊர்க் கம்பெனியின் முத்திரை. 1890இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இயந்திரங்களும் பெயருமே ஸ்காட்லாந்தில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டன. அதனால் 'கிரேட் பிரிட்டனில் செய்தது' என்று போட்ட டயானாவும் உண்டு. அது மில்ப்ரோ டயானா, வேறு குடும்பம். உதிரி வாங்கும்போது இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தம்பியுடையது ஜெர்மனிச் சரக்கு.

21 ஜனவரி 2024

பலமான ஸ்பிரிங் கதை.

என் அப்பா விக்கிரமசிங்கபுரம் மில்லில் ஃபிட்டர். எங்கள் வீட்டிலும் ஒரு டயானா, மாடல் 35. நான் பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்துக்கொண்டிருந்தபோது அதன் வேகம் குறைந்துவிட்டது. அப்பாவிடம் சொல்லாமல் வெளியூர்க் கடை ஒன்றில் கொடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம். புது ஸ்பிரிங் போட்டுத் தந்தார்கள், கம்பி பழையதைவிடத் தடிமன். முதல் நாள் சுடும்போது சந்தோஷம்தான், சத்தமே வேறு மாதிரி. மூன்றாவது வாரம் குறி பார்க்கும் பின்சைட்டின் திருகாணி தானாகக் கழன்று விழுந்தது. பிறகு கட்டையில் முன் திருகாணி ஓட்டையிலிருந்து ஒரு விரிசல். குறி ஒரு நாளும் ஓர் இடத்தில் நிற்கவில்லை.

அப்பா கழற்றினார். பழைய வாஷரையே மாற்றாமல் விட்டிருந்தார்கள். கருகி, ஓரம் பிய்ந்து, வெற்றிலைக் காம்பு மாதிரி இருந்தது. ஒழுகுகிற பம்பை இரண்டு ஆள் சேர்ந்து அடித்தால் எப்படியோ அப்படி. அப்பா திட்டவில்லை. வாஷரை என் உள்ளங்கையில் வைத்து, "இதைப் பாரு முதல்ல" என்று மட்டும் சொன்னார்.

தோல் அவருக்குத் தெரியும். பழைய நூற்பு மிஷின்களில் நூலை இழுக்கும் மேல் உருளைகளுக்குத் தோல்தான் போர்த்தியிருப்பார்கள். எந்தத் தோல் வளையும், எது ஒரு மாதத்தில் பாளம் விடும் என்று விரலால் தடவியே சொல்வார். அந்த மாடல் 35க்கு அவர் வெட்டிப் போட்ட வாஷர் இன்றும் வேலை செய்கிறது. நாற்பது வருஷம் ஆகப்போகிறது.

அதனால்தான் 'வாஷர்' என்று இவ்வளவு அடித்துச் சொல்கிறேன்.

28 ஜனவரி 2024

ஒருவர் கேட்டார்: வாஷர் காய்ந்திருந்தால் தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு விட்டால் போதாதா, எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்வோம் என்று.

வேண்டாம். ஒரு வாரம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு பிசினாகப் பிடிக்கும். குளிர்காலக் காலையில் பாட்டிலில் உறைகிற எண்ணெய் சிலிண்டருக்குள்ளும் உறையும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். காற்றைச் சட்டென்று நசுக்கினால் சூடேறும். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லாமல் தீப்பிடிப்பது இதனால்தான். சிலிண்டருக்குள் மெல்லிய எண்ணெய் அதிகமாக இருந்தால் ஏர் ரைபிளிலும் அதே நடக்கும். பட்டாசு மாதிரி வெடிச் சத்தம், குழல் வாயில் புகை, கருகிய வாசனை. 'என் துப்பாக்கி செம பவர்' என்று சிலர் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். உள்ளே வாஷர் எரிகிறது, ஸ்பிரிங் பின்னுக்கு உதைபட்டு முறிகிறது. மண்ணெண்ணெயும் அப்படித்தான். வெளியே துடைக்க மட்டும், சிலிண்டருக்குள் ஒரு சொட்டும் கூடாது. முன்பு எழுதியபோது இதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

தையல் மிஷின் எண்ணெய் மூட்டுகளுக்கு நல்லது. அந்த இடத்தோடு சரி.

4 பிப்ரவரி 2024

தம்பி இன்று அம்பாசமுத்திரம் வந்திருந்தார். துப்பாக்கியைப் பழைய பத்தமடைப் பாயில் சுருட்டிக்கொண்டு வந்தார். ஆதார் நகலையும் உடன் வைத்திருந்தார். அது நல்ல பழக்கம். பேருந்தில் அதை யாரும் பார்த்துப் பயப்படாதபடி மூடிக் கொண்டுபோவது நம் பொறுப்பு.

கழற்றினோம். கழற்றும் விதத்தை இங்கே முழுதாக எழுதத் தயக்கம். உள்ளே ஸ்பிரிங் எப்போதும் ஓரளவு நசுங்கிய நிலையில்தான் இருக்கும். சிலிண்டரின் பின்முனையில் ஸ்பிரிங்கைத் தாங்கும் பின்கட்டையை (மரக்கட்டை அல்ல) பிடித்திருக்கும் ஊசியைச் சும்மா தட்டினால், அந்தக் கட்டை மொத்தமும் தெறித்து முகத்துக்கு வரும். தச்சர் வைத்திருக்கும் நீளமான கிளாம்பில் துப்பாக்கியை மாட்டி, பின்கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊசியை எடுத்து, பிறகு கிளாம்பைத் திருகித் திருகி மெல்ல விட வேண்டும். கிளாம்பு இல்லாதவர்கள் தொடவே வேண்டாம்.

இப்போது என் திருத்தம். ஸ்பிரிங் முறிந்திருக்கிறது. முன் முனையிலிருந்து மூன்றாவது சுற்றில் இரண்டு துண்டு. முறிந்த துண்டு மற்றதோடு திருகிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தது, அதனால்தான் மடக்கும்போது தெரியவில்லை.

'ஸ்பிரிங் இல்லை' என்று முதல் நாள் அடித்துச் சொன்னேன். துப்பாக்கியைப் பார்க்காமலேயே சொன்னது தவறு. ஸ்பிரிங் போயிருக்கும் என்று தம்பியிடம் சொன்னவரின் பேச்சில் உண்மை இருந்தது.

4 பிப்ரவரி 2024, இரவு

ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது, எழுந்து போய் மறுபடி பார்த்தேன். முறிந்த முகம் பளபளப்பாக இல்லை. கறுத்து, வழவழவென்று தேய்ந்திருக்கிறது. வெள்ளத்துத் துரு என்றால் செம்மண் நிறத்தில் இருக்கும். இது பல வருஷத்துக்கு முன் முறிந்தது, இரண்டு துண்டும் ஒன்றோடொன்று உரசி உரசித் தேய்ந்திருக்கின்றன. அப்படியானால் தாத்தா முறிந்த ஸ்பிரிங்கோடுதான் கடைசி வரை சுட்டிருக்கிறார். வாஷர் நன்றாக இருந்ததால் அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. தம்பியைக் கேட்டேன். பத்து வருஷம் முன்பு வரைக்கும் தென்னை மட்டையில் செருகிய பாக்கெட் அட்டையைத் தாத்தா தவறாமல் அடிப்பார் என்றார்.

சரி. இரண்டையும் மாற்றியாக வேண்டும். ஆனால் வாஷர் முதலில்.

வாஷரைப் பற்றிச் சொல்லவில்லையே. பிஸ்டன் தலையிலிருந்து கையோடு வந்துவிட்டது, வறுத்த அப்பளம் மாதிரி. மடக்கினால் உடைந்தது.

11 பிப்ரவரி 2024

தோல் தேடி ஒரு வாரம் அலைச்சல். செருப்புக் கடைகளில் இப்போது கிடைப்பதெல்லாம் குரோம் தோல், அதாவது குரோம் உப்பில் பதனிட்டது. மெத்தென்று இருக்கும், ஆனால் அச்சில் அழுத்தினால் வடிவம் நிற்காது, கையை எடுத்ததும் விரிந்துவிடும். நமக்கு வேண்டியது பட்டையில் பதனிட்ட தோல். ஆவாரம் பட்டையில் ஊறவைத்துப் பதனிடுவது நம் ஊர்ப் பழைய முறை. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தத் தோல் கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரிலேயே கப்பல் ஏறியது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு எல்லாம் அதற்குப் பேர்போன ஊர்கள். இப்போது ஆவாரத்துக்குப் பதில் வேறு மரப்பட்டைகள் வந்துவிட்டன, ஆனாலும் குணம் அதேதான்.

வித்தியாசம் கண்டுபிடிக்க வெட்டு முகத்தைப் பாருங்கள். குரோம் என்றால் உள்ளே நீலம் கலந்த சாம்பல் நிறம். பட்டைத் தோல் என்றால் முழுக்கத் தவிட்டு நிறம். சந்தேகம் இருந்தால் ஒரு நறுக்கைக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். பட்டைத் தோல் சட்டென்று சுருண்டுகொள்ளும், குரோம் அசையாது.

கடைசியில் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் உட்கார்ந்து தைக்கிற ஓர் அண்ணாச்சியிடம் கிடைத்தது. மாட்டு வண்டிக்கு வார் தைத்த காலத்து மிச்சம். மூன்று மில்லி தடிமன், உள்ளங்கை இரண்டு சேர்ந்த அளவு. எதுக்கு என்று கேட்டார். சொன்னதும், அடிபம்பு வாஷர், ஸ்டவ் வாஷர் எல்லாம் தானே வெட்டிக் கொடுத்தது உண்டு என்று சொல்லிவிட்டு, முதுகுப் பக்கத் தோலாகப் பார்த்து அவரே கத்தியால் எடுத்துத் தந்தார். வயிற்றுப் பக்கத் தோல் ஒரு பக்கம் இளகும், வட்டம் கோணும் என்றார். எனக்கு அது தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

18 பிப்ரவரி 2024

வாஷர் செய்த விதம்.

லேத் பட்டறையில் ஓர் அச்சு கடைந்து வாங்கினேன். சிலிண்டரின் உள்விட்டம் எவ்வளவோ அதே உள்விட்டத்தில் ஓர் இரும்பு வளையம். அதற்குள் போகிற ஒரு குழவி. குழவியின் விட்டம் வளையத்தைவிடத் தோலின் தடிமனைப் போல இரண்டு மடங்கு குறைவு, இரண்டு பக்கமும் தோல் போக வேண்டும் அல்லவா. அளவை வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியில் எடுங்கள். ஸ்கேலில் எடுத்தால் காசு வீண்.

தோலை வட்டமாக வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம். குமிழி வருவது நின்றால் ஊறிவிட்டது என்று பொருள். பிறகு வளையத்தின் மேல் வைத்து, குழவியை வைஸில் மெல்ல அழுத்தினேன். முதல் துண்டு மடிப்பு விழுந்து கெட்டது, அவசரம்தான் காரணம். இரண்டாவதை ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு கால் சுற்று, கால் சுற்றாக இறக்கினேன். அப்படியே அச்சோடு நிழலில் மூன்று நாள். வெளியே எடுத்தபோது கிண்ணம் கிண்ணமாகவே நின்றது. ஓரத்தைப் புது பிளேடால் சமன் செய்து, நடுவே திருகாணிக்கு ஓட்டை போட்டேன்.

அதன் பிறகு எண்ணெய். மாட்டுக்கால் எண்ணெய் கிடைத்தால் அதுவே சிறப்பு, பழைய ஆட்கள் குதிரைச் சேணத்துக்கு அதைத்தான் போடுவார்கள். எனக்குச் சிலிகான் எண்ணெய்தான் கிடைத்தது. ஒரு ராத்திரி ஊறவைத்து, துணியில் ஒற்றி, மறுநாள் பூட்டினேன். சிலிண்டருக்குள் கையால் தள்ளிவிட்டு, வாயில் இருக்கும் துவாரத்தை விரலால் அடைத்தால் பிஸ்டன் பாதியில் நிற்கிறது. கையை எடுத்தால் திரும்பி வருகிறது. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே இவ்வளவும் செய்யலாம்.

வாய் வளையத்தையும் அதே தோலில் வெட்டிப் போட்டேன்.

2 மார்ச் 2024

ஸ்பிரிங் மும்பையிலிருந்து தபாலில் வந்தது. பழையதன் கம்பித் தடிமன், வெளிவிட்டம், சுற்று எண்ணிக்கை மூன்றையும் சொல்லி, அதே அளவு, கூட வேண்டாம் என்று இரண்டு தடவை எழுதினேன். முனைகள் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். தட்டையாக இல்லாவிட்டால் ஸ்பிரிங் சாய்ந்து பிஸ்டனை ஒரு பக்கமாகத் தள்ளும், புது வாஷர் ஒரு ஓரமாகத் தேயும்.

பூட்டும்போது ஒன்று. மாடல் 27இன் விசையில் பிஸ்டன் தண்டின் முனையைப் பிடிப்பது மூன்று பால்ரஸ் குண்டுகள். ஒரு கூட்டுக்குள் மூன்று ஓட்டை, ஓட்டைக்கு ஒரு குண்டு. கழற்றும்போது அவை உருண்டு ஓடும், அதனால் வேட்டியை விரித்து அதன் மேல்தான் வேலை செய்தேன். திரும்ப வைக்கும்போது கெட்டிக் கிரீஸில் ஒட்டிவைத்தால்தான் நிற்கும். மூன்றும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்காமல் மூடக் கூடாது. இரண்டு குண்டோடு பூட்டிய துப்பாக்கி எப்போது தானாக விடும் என்று யாருக்கும் தெரியாது.

எந்த மடக்குத் துப்பாக்கியிலும் பெல்லட் போடும்போது மற்றக் கை குழலைப் பிடித்தபடியே இருக்க வேண்டும். பிடி நழுவினால் குழல் கத்தரிக்கோல் மாதிரி மூடும். அப்படி விரல் நுனி போன ஒருவரை எனக்குத் தெரியும்.

17 மார்ச் 2024

நேற்றுத் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. லைசென்ஸ் துப்பாக்கிக்காரர்கள் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டிய காலம். நம்முடையது அந்த வகையில் வராது என்றாலும், ஜூன் வரை அதைப் பேருந்தில் எடுத்துக்கொண்டு திரிய வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். வழியில் சோதனைச் சாவடியில் நிற்கும் காவலர் அதன் வயதையா பார்ப்பார்? என் வீட்டிலேயே இருக்கட்டும்.

சட்டம் கேட்டவர்களுக்கு: 2016 ஆயுத விதிகளின்படி குழலின் விட்டம் 4.5 மில்லி தாண்டினாலோ, பெல்லட் குழலை விட்டு வெளியேறும் சக்தி 20 ஜூல் தாண்டினாலோ லைசென்ஸ் வேண்டும். 4.5 என்பது நாம் .177 என்று சொல்வது. தம்பியுடையது அந்த அளவுதான். .22 வைத்திருப்பவர்கள், அதாவது 5.5 மில்லி, பழுதுக்குக் கொடுப்பதற்கு முன் இதைக் கவனியுங்கள். பலமான ஸ்பிரிங் ஆசைக்கும் இது இன்னொரு பதில்.

14 ஏப்ரல் 2024

புத்தாண்டு அன்று இப்படி ஒரு கேள்வியா என்று வருத்தமாக இருந்தது, ஆனாலும் பதில் சொல்ல வேண்டும். ஒருவர் களக்காட்டுப் பக்கம் வாழை போட்டிருக்கிறாராம், மயிலும் குரங்கும் நாசம் செய்கின்றன, சரிசெய்த ஏர் ரைபிள் அதற்கு ஆகுமா என்று கேட்கிறார்.

ஆகாது. மயிலைச் சுடுவது 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி பெரிய குற்றம். சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், 4.5 மில்லி ரவை மயிலைக் கொல்லாது, காயப்படுத்தும். அது எங்கேயோ புதருக்குள் போய் நாலு நாள் கிடந்து சாகும். வாழை போன கஷ்டம் எனக்குப் புரிகிறது, எங்கள் தோட்டத்திலும் போயிருக்கிறது. வனத்துறையில் இழப்பீட்டுக்கு எழுதிப்போடுங்கள். அலைச்சல்தான், ஆனாலும் வழி அதுதான்.

நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். கூழைக்கடாவும் நாரையும் வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டியிருக்கும். குஞ்சுகள் மிரளும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 1994இல் சரணாலயம் என்று அரசு அறிவித்தது, அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அவர்கள் அப்படித்தான். அதே மாவட்டத்தில் நாமும் இருக்கிறோம்.

இங்கே நான் எழுதுவதெல்லாம் அட்டையில் குறி அடிப்பதற்கு மட்டும்.

9 ஜூன் 2024

தேர்தல் முடிந்தது, சாரல் தொடங்கிவிட்டது. தம்பி வந்தார். எங்கள் மாட்டுத் தொழுவத்தின் பின்சுவரில் மணல் மூட்டை அடுக்கி, 10 மீட்டர் அளந்து சுட்டோம்.

முதல் ஐந்தாறு சுடலில் கொஞ்சம் புகை, எண்ணெய் மிச்சம். அதன் பிறகு சத்தம் அடங்கி அந்தப் பழைய 'தும்' வந்தது. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். தாத்தா சுடும்போது கேட்ட சத்தம் இதுதான் என்றார்.

வேகம் அளக்கும் கருவி என்னிடம் இல்லை. செல்போனில் ஒலிப்பதிவு செய்து, சுடும் சத்தத்துக்கும் இலக்கில் வைத்த தகரத்தில் படும் சத்தத்துக்கும் இடையே உள்ள நேரத்தைப் பார்த்தோம். 0.088 நொடி. தகரத்துச் சத்தம் திரும்பி வர 10 மீட்டருக்கு சுமார் 0.029 நொடி ஆகும், ஒலி நொடிக்கு 350 மீட்டர் என்று வைத்தால். மிச்சம் 0.059. ஆக நொடிக்கு சுமார் 170 மீட்டர். அரை கிராம் பெல்லட்டுக்கு 7 ஜூல் சொச்சம். அறுபது வயதுத் துப்பாக்கிக்கு இதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

குறி: கடைசி ஐந்தும் ஒரு பத்து ரூபாய்க் காசுக்குள் விழுந்தன. போட்டியில் சுடுபவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை, அதே 10 மீட்டரில் அவர்களுடைய பத்துப் புள்ளி அரை மில்லிப் பொட்டு. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது அந்தப் பொட்டை வைத்துத்தான். தம்பியின் தங்கை பத்தாம் வகுப்பு. அவளும் ஐந்து சுட்டாள், அண்ணனைவிட நன்றாக. நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைபிள் போட்டியில் உலகக் கோப்பைத் தங்கம் வாங்கியவர் என்று சொன்னேன். வீட்டுக்குப் போகிற வரை அதையே கேட்டுக்கொண்டு வந்தாளாம்.

10 ஜூன் 2024

செலவு கேட்டிருந்தீர்கள். அச்சு 450, தோலுக்கு அண்ணாச்சி 100தான் வாங்கினார், ஸ்பிரிங் தபாலோடு 900, எண்ணெய் 200. 1650 ரூபாய். 'இந்தக் காசுக்குப் புதுசு' என்ற கணக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை.

12 அக்டோபர் 2024

நேற்று ஆயுத பூஜை. தம்பி படம் அனுப்பியிருக்கிறார். அரிவாள், மண்வெட்டி, தாத்தாவின் சைக்கிள், அதன் மேல் சாய்த்து டயானா. கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் ஏழு கை பூசியிருக்கிறார், ஒவ்வொரு கைக்கும் நடுவே இரண்டு நாள் விட்டு. வெள்ளத்து நீர்க்கோடு கட்டையில் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம் என்று அவருடைய பாட்டி சொல்லிவிட்டார்களாம்.

சந்தனத்தை மரத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள் தம்பி. இரும்பில் பட்ட இடத்தை இன்றைக்கே துடைத்து எண்ணெய் ஒற்றிவிடுங்கள், ஈரம் நின்றால் துரு பிடிக்கும்.

அந்த வார்த் தோலில் இன்னும் இரண்டு வாஷருக்கு இடம் இருக்கிறது. அச்சும் இங்கேதான் இருக்கிறது, மாடல் 27 அளவு. வேறு மாடல் என்றால் சிலிண்டரின் உள்விட்டத்தை வெர்னியரில் எடுத்து மில்லியில் எழுதுங்கள்.